காம் 1: பெயரா, முகவரியா?

ஒரு பழைய கணினியில் சீரியல் போர்ட் சேர்க்க நான் வாங்கிய கார்டு வந்த சிறிய அட்டைப் பெட்டியை இன்னும் வைத்திருக்கிறேன். வெளிக் கருவியோடு தரவை ஒவ்வொரு பிட்டாகப் பரிமாறும் வாயில்தான் சீரியல் போர்ட்; காம் 1, காம் 2 என்பவை அதன் பெயர்கள். விண்டோஸ் 98, எம்இ, 2000, எக்ஸ்பி ஆகிய இயங்குதளங்களோடு ஒத்தியங்கும் என்று அதன் பின்புறத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கிறது. அந்த வரி பொய்யன்று. நானே சோதித்து உறுதி செய்துகொண்ட உண்மை அது. ஆயினும் அதை நம்பி வேலையைத் தொடங்கிய நான், நான்கு இரவுகளை ஓர் எடை மேடையின் தகரக் கூரை அறையில் கழிக்க நேர்ந்தது. ஒத்தியங்கும் என்றால் யாரோடு ஒத்தியங்கும் என்ற கேள்வி அப்போது என் மனத்தில் ஏறியது. பல ஆண்டுகள் கடந்தும் அது இறங்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக்கிழங்கு அறுவடை தொடங்கிவிட்டால் எடை மேடைகளுக்கு ஓய்வே கிடையாது. ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு ஏற்றிச் செல்லும் லாரிகள் சுமையோடு ஒரு முறையும், இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஒரு முறையும் மேடையில் ஏறும். இரண்டு எடைகளையும் கழித்துப் புள்ளி அச்சு இயந்திரத்தில் சீட்டு அடித்துத் தரவேண்டும். நான் சொல்லும் மேடையில் இந்த வேலையைச் செய்தது, 2001-இல் வாங்கிய ஒரு பென்டியம் 3 கணினி. அதில் விண்டோஸ் 98 இருந்தது. அதன் மேல், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்து நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் தொழிலை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மூல நிரல் யாரிடமும் இல்லை. ஆனால் அந்த நிரல் அதுவரை ஒரு சீட்டைக்கூடத் தவறாக அடித்ததில்லை என்று உரிமையாளர் அண்ணன் சொன்னார். நான் பார்த்தவரையில் அது உண்மைதான்.

2009-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை இடி இறங்கியது. மேடைக்கு அடியில் எடையை உணரும் லோடு செல்களின் கம்பி வழியாக, எடையை எண்ணாகக் காட்டும் இண்டிகேட்டருக்கும், இண்டிகேட்டரின் சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கும் அதிர்ச்சி பாய்ந்திருக்க வேண்டும். இண்டிகேட்டர் தப்பித்துவிட்டது. மதர்போர்டில் சீரியல் போர்ட்டுக்குப் பின்னால் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சிறிய சிப் வெடித்துப் போயிருந்தது. அதை மட்டும் மாற்றிவிடலாம் என்று பார்த்தால், அதன் அடியில் ஓடிய செப்புத் தடமும் கருகியிருந்தது. மற்றவை எல்லாம் நலமாக இருந்தன. ஆகவே தனியாக ஒரு சீரியல் போர்ட் கார்டைச் செருகிவிட்டால் போதும் என்று முடிவு செய்தேன். கார்டு செருகும் ஸ்லாட்டுகளில் பழைய வகையான ஐஎஸ்ஏ அந்த போர்டில் கிடையாது; அதற்குப் பின் வந்த பிசிஐ மட்டும்தான். சேலத்தில் கார்டை வாங்கியபோது கடைக்காரர், அந்தக் கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கச் சொன்னார். நல்லெண்ணத்தோடு சொன்னார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அறிவுரை எனக்கு அன்றும் ஏற்புடையதாக இல்லை, இன்றும் இல்லை. அவர் காட்டிய புதிய கணினியில் சீரியல் போர்ட்டே இல்லை. அதற்கும் இதே போன்றதொரு கார்டைத்தான் வாங்கியாக வேண்டும். அதன் பிறகும் அதே நிரலைத்தான் ஓட்டியாக வேண்டும். சிக்கல் இடம் மாறியிருக்குமே தவிரத் தீர்ந்திருக்காது.

கார்டைச் செருகியதும் விண்டோஸ் 98 அதைக் கண்டுகொண்டு டிரைவர் கேட்டது. குறுவட்டைக் கொடுத்தேன். கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் காம் 3 என்று மஞ்சள் குறி எதுவுமின்றித் தெளிவாக வந்து நின்றது. ஒரு காகிதக் கவ்வியை நிமிர்த்தி இரண்டாம், மூன்றாம் முனைகளை இணைத்து, சீரியல் போர்ட்டோடு பேச உதவும் ஹைப்பர் டெர்மினலில் தட்டிய எழுத்துகள் திரும்பி வருகின்றனவா என்று பார்த்தேன். வந்தன. பிறகு இண்டிகேட்டரின் கேபிளைச் செருகி வேகத்தை நொடிக்கு 2400 பிட் என்று வைத்தேன். எடைகள் வரி வரியாக ஓடத் தொடங்கின. கார்டு நன்று, டிரைவர் நன்று, கேபிள் நன்று, இண்டிகேட்டர் நன்று. நிரலைத் திறந்தேன். எடை இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் நின்றது. வெளியே நான்கு லாரிகள் காத்திருந்தன. "தம்பி, கையால எழுதிக் குடுத்தா மில்லுல எடுத்துக்க மாட்டேங்கறாங்க" என்று அண்ணன் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிக வருத்தத்தைத் தந்தது.

பழைய கணினிகளோடு பழகியவர்களுக்கு 3எஃப்8 என்ற எண் மனப்பாடம். செயலி ஒரு போர்ட்டை அணுகும் முகவரி அது; 9-க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை எண்ணும் பதினாறடிமானத்தில் எழுதப்படுவது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் முதல் சீரியல் போர்ட்டுக்கு அந்த முகவரியும், எழுத்து வந்ததைச் செயலிக்கு அறிவிக்கும் நான்காம் குறுக்கீட்டுத் தடமும் கொடுக்கப்பட்டன. இரண்டாம் போர்ட்டுக்கு 2எஃப்8, தடம் மூன்று. ஐஎஸ்ஏ கார்டு என்றால் அதன் மேல் இருக்கும் ஜம்பர் என்ற சிறு இணைப்பியைப் பிடுங்கி வேறு முனையில் பொருத்தி முகவரியை நாமே தீர்மானிப்போம். கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மதர்போர்டின் நிரலான பயாஸ், அறிந்த முகவரிகளில் தட்டிப் பார்த்து, பதில் வந்த போர்ட்டுகளின் முகவரிகளை நினைவகத்தின் தொடக்கத்தில், 40:0 என்று நாம் சொல்லும் இடத்தில், ஒரு சிறு பட்டியலாக எழுதி வைக்கும். பட்டியலில் நான்கு இடங்கள் உண்டு. டாஸுக்குக் காம் 1 என்றால் அந்தப் பட்டியலின் முதல் வரியில் இருக்கும் முகவரி, அவ்வளவுதான். பிசிஐ கார்டில் ஜம்பர் இல்லை. எந்த முகவரி காலியாக இருக்கிறதோ அதைப் பயாஸ் ஒதுக்கும். எங்கள் கார்டுக்கு டி000 ஒதுக்கப்பட்டிருந்தது. இவை எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், விண்டோஸின் திரையில் காம் 3 என்ற பெயரைப் பார்த்ததும், சிக்கல் பெயரில்தான் இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

ஆகவே இரண்டாம் இரவு முழுவதும் பெயரோடு போராடினேன். பயாஸில் பழுதான உள் போர்ட்டை அணைத்தேன். விண்டோஸின் அமைப்புகளைக் காக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) கார்டின் பெயரைக் காம் 1 என்று மாற்றினேன். ஹைப்பர் டெர்மினல் அந்தப் பெயரையும் ஏற்றுக்கொண்டு எடைகளைக் காட்டியது. நிரலைத் திறந்தபோது, முந்தைய நாள் போலச் சுழியம் இல்லை. அதில் இண்டிகேட்டர் சோதனைக்கென்று ஒரு பக்கம் உண்டு. வரும் எழுத்துகளை அப்படியே காட்டும். அந்தப் பக்கம் முழுவதும் சிறிய வீட்டு வடிவங்கள் வரிசை வரிசையாக நிரம்பின. ஏதோ வருகிறது என்ற மகிழ்ச்சியில், வேகம் பொருந்தாததால்தான் எழுத்துகள் சிதைகின்றன என்று எண்ணிக்கொண்டேன். சீரியல் வேலை செய்பவர் எவருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். 1200, 4800, 9600, பிறகு ஏழு பிட், எட்டு பிட், பிழை சரிபார்க்கும் பாரிட்டி என்று விடிய விடிய மாற்றிப் பார்த்தேன். எதை மாற்றினாலும் அதே வீடுகள்.

கேபிளைப் பிடுங்கிய பிறகு

மூன்றாம் இரவு, கேபிளை வேறொன்றாக மாற்றிப் பார்க்கலாம் என்று பழையதைப் பிடுங்கினேன். திரையில் வீடுகள் நிற்கவில்லை. கேபிளே இல்லாதபோதும் அவை அதே வேகத்தில் நிரம்பிக்கொண்டிருந்தன. சற்று நேரம் கையில் கேபிளோடு அப்படியே நின்றேன். இண்டிகேட்டரிலிருந்து வராத எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன? வேகம் பொருந்தாவிட்டால் எழுத்துகள் பலவிதமாகச் சிதையும். இங்கே ஒரே வடிவம்தான் மீண்டும் மீண்டும் வருகிறது என்பதை அப்போதுதான் உற்றுக் கவனித்தேன். அந்த வீட்டு வடிவம் பழைய பிசியின் எழுத்து அட்டவணையில் 127-ஆம் எண். எட்டு பிட்டுகளும் ஒன்றாக இருக்கும் 255-இலிருந்து மேல் பிட்டை மட்டும் வெட்டினால் கிடைப்பது 127. அதாவது நிரல் 255 என்ற எண்ணைப் பெறுகிறது, அதை ஏழு பிட்டாகச் சுருக்கிக் காட்டுகிறது. பதினாறடிமானத்தில் 255 என்பது எஃப்எஃப். எந்தக் கருவியும் இல்லாத முகவரியைப் படித்தால் பிசி தரும் பதில் அதுவே.

கணினியை விண்டோஸுக்குப் போகவிடாமல் டாஸிலேயே நிறுத்தி டீபக் நிரலைத் திறந்தேன். ஐ என்ற எழுத்தையும் முகவரியையும் தட்டினால் அங்கே என்ன இருக்கிறது என்று அது பதினாறடிமானத்தில் காட்டும். 3எஃப்8-ஐக் கேட்டேன்: எஃப்எஃப். போர்ட்டின் நிலையைச் சொல்லும் 3எஃப்டி-யைக் கேட்டேன்: அதுவும் எஃப்எஃப். போர்ட்டின் சிப்பில் உள்ள நிலைப் பதிவேட்டின் கடைசி பிட் ஒன்றாக இருந்தால், எழுத்து வந்திருக்கிறது, எடுத்துக்கொள் என்று பொருள். காலி இடம் எல்லாப் பிட்டுகளையும் ஒன்றாகக் காட்டுவதால், நிரல் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எழுத்து வந்திருப்பதாகவே நம்பியிருக்கிறது. முதல் நாள் சுழியம் காட்டியதற்கும் காரணம் விளங்கிவிட்டது. அன்று உள் போர்ட் அணைக்கப்படவில்லை. அதன் காது கருகியிருந்தாலும், ஒன்றும் வரவில்லை என்று அது சரியாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதை அணைத்ததும் அந்த முகவரியில் யாரும் இல்லாமல் போயிற்று.

பிறகு கார்டின் சொந்த முகவரிக்குப் போனேன். டி005 முதலில் எஃப்எஃப் என்றே வந்தது. பயாஸில், பிளக் அண்ட் பிளே இயங்குதளம் உண்டு என்ற தேர்வு இருந்ததால், கார்டை விழிக்கச் செய்யும் பொறுப்பைப் பயாஸ் விண்டோஸிடம் விட்டுவைத்திருந்தது. அதை இல்லை என்று மாற்றி மீண்டும் தொடங்கினேன். இப்போது 60 வந்தது. அனுப்பும் பகுதி காலி, எழுத்து எதுவும் வரவில்லை என்பதன் எண் அது. முகவரியில் ஆள் இருக்கிறது. போர்ட்டின் உச்ச வேகமான 115200-ஐ 2400-ஆல் வகுத்தால் 48, பதினாறடிமானத்தில் 30. அந்த எண்ணைக் கார்டின் வேகப் பதிவேட்டில் கையால் எழுதினேன், எட்டு பிட் என்று வைத்தேன், கேபிளைச் செருகினேன். நிலை 63 என்று மாறியது. எழுத்து வந்திருக்கிறது, நான் எடுப்பதற்குள் முந்தையவை அழிந்தும் போயிருக்கின்றன என்று அதற்குப் பொருள். டி000-ஐப் படித்தேன்: 30. மீண்டும் படித்தேன்: 30. எழுத்து அட்டவணையில் பதினாறடிமான 30 என்பது சுழியம். மேடை காலியாக இருந்தது.

காவலுக்கு இருந்த பெரியவரை மேடையின் நடுவில் போய் நிற்கச் சொன்னேன். இண்டிகேட்டரில் 70 கிலோ ஒளிர்ந்தது. டீபக்கில் தொடர்ந்து தட்டினேன். 30, 30, 0டி, 30, 37. ஏழு. என் விரலின் வேகத்துக்கு ஒவ்வொரு வரியிலிருந்தும் ஏதோ ஓர் எழுத்துதான் சிக்கியது. ஆனாலும் பெரியவர் நின்றிருந்தவரை இடையிடையே 37 வந்துகொண்டே இருந்தது. அவர் இறங்கியதும் அது வரவில்லை. எத்தனையோ கணினிகளைப் பழுது பார்த்திருக்கிறேன். டிரைவர், இயங்குதளம், நிரல் எதுவும் நடுவில் இல்லாமல், ஒரு மனிதரின் எடையை அதன் முகவரியிலேயே போய் நான் படித்தது அந்த இரவில்தான். கேள்வி அங்கேயே நேராகிவிட்டது. காம் 1 என்று நான் அழைத்துக்கொண்டிருந்ததை அந்த நிரல் ஒருபோதும் அப்படி அழைத்ததில்லை. அதற்குப் பெயரே தெரியாது. முகவரி மட்டும்தான் தெரியும்.

நிரலைத் தொடுவதா, கார்டை நகர்த்துவதா

முதலில் எளிய வழியைச் சோதித்தேன். 40:0 பட்டியலின் முதல் வரியில் டி000 என்று எழுதிவிட்டு நிரலை ஓட்டினேன். பட்டியலைப் பார்த்து நடக்கும் நிரல்களுக்கு இது போதும். எங்கள் நிரலுக்குப் போதவில்லை. அதன் கோப்பைத் திறந்து தேடியபோது, 3எஃப்8 என்ற முகவரி கட்டளைகளுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். பட்டியலை அது எட்டிப் பார்ப்பதே இல்லை. அந்த எண்கள் இருக்கும் இடங்களை எல்லாம் கண்டுபிடித்து டி000 என்று மாற்றி எழுதிவிடலாம். பலர் அப்படிச் செய்வார்கள், தவறு என்று சொல்லமாட்டேன். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த நிரல் அடிக்கும் சீட்டை வைத்துத்தான் ஒரு விவசாயிக்குப் பணம் எண்ணப்படுகிறது. மூலம் இல்லாத ஒரு கோப்பில் சில பைட்டுகளை மாற்றிவிட்டு, வேறு எங்கும் எதுவும் மாறவில்லை என்று என்னால் உறுதி கூற முடியாது. நிரல் இருந்தபடியே இருக்கட்டும். அது தேடும் இடத்துக்குக் கார்டை அழைத்து வருவதே முறை என்று பட்டது.

பிசிஐ கார்டின் முகவரி இரும்பில் அடித்த எழுத்தன்று. கார்டுக்குள் இருக்கும் ஒரு பதிவேட்டில் பயாஸ் எழுதி வைக்கும் எண்தான் அது. மற்றவரும் அதை மாற்றி எழுதலாம். சிஎஃப்8 என்ற முகவரியில் எந்த ஸ்லாட்டின் எந்தப் பதிவேடு என்று குறிப்பிட்டுவிட்டு, சிஎஃப்சி-யில் புதிய எண்ணைப் போடவேண்டும். சிஎஃப்8-இல் எழுதுவது 32 பிட் அளவில் ஒரே வீச்சில் எழுதப்பட வேண்டும். டீபக்கின் கட்டளை ஒரு நேரத்தில் ஒரு பைட்டுதான் எழுதும் என்பதால் சில வரி அசெம்பிளி மொழியில் ஒரு சிறு நிரலை எழுதினேன். கார்டைச் சற்று நேரம் உறங்கவைத்து, முகவரியை 3எஃப்8 என்று மாற்றி, மீண்டும் விழிக்கச் செய்வது மட்டுமே அதன் வேலை. உள் போர்ட் அணைக்கப்பட்டிருந்ததால் அந்த இடத்துக்கு வேறு உரிமையாளர் இல்லை. ஸ்லாட் நேராக முதன்மை பிசிஐ தடத்தில் இருந்ததும் நல்வாய்ப்பு. நடுவில் பாலச் சிப் வைத்த போர்டுகளில் 3எஃப்8-க்கான அழைப்பு கார்டு வரை போய்ச் சேராமலே நின்றுவிடக்கூடும். அங்கே இந்த வழியை நம்பி இறங்கக் கூடாது.

குறுக்கீட்டுத் தடத்தைப் பற்றியும் ஓர் அச்சம் இருந்தது. கார்டுக்கு 11-ஆம் தடம் ஒதுக்கப்பட்டிருந்தது; நிரல் நான்காம் தடத்தை எதிர்பார்த்தால் முகவரியை மாற்றியும் பயனில்லை. விடை, முந்தைய இரவின் வீடுகளிலேயே இருந்தது. காலி முகவரி யாரையும் குறுக்கிடாது. குறுக்கீடு இல்லாமலே நிரல் எழுத்துகளை எடுத்துக்கொண்டிருந்தது என்றால், அது அழைப்புக்காகக் காத்திருக்கும் நிரலன்று. தானே திரும்பத் திரும்பப் போய்க் கேட்கும் நிரல். ஒரு முழு இரவை என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட அந்த வடிவங்கள், கடைசியில் எனக்குத் தேவையான உறுதியையும் அவையே தந்தன.

விண்டோஸ் 98-இன் திரை வராமல் நேராக டாஸில் நிற்கும்படி தொடக்கக் கோப்பில் ஒரு வரியை மாற்றினேன். ஆட்டோஎக்ஸெக் கோப்பில் முதலில் என் சிறு நிரல், அடுத்து எடை நிரல். நான்காம் இரவு இரண்டு மணி அளவில் ஒரு லாரியை மேடையேற்றினோம். எடை திரையில் வந்தது. சீட்டும் அச்சாகி வந்தது. அண்ணன் அதை இண்டிகேட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மறுநாளும் ஒவ்வொரு சீட்டையும் அப்படியே ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் செய்தது சரி.

எக்ஸ்பியில் கண்டது

அதுவரை நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கருத்து உண்டு: பழைய நிரலுக்குப் பழைய இயங்குதளமே உகந்தது. 2006 ஜூலையில் விண்டோஸ் 98-க்கு ஆதரவு நின்ற பிறகும் நான் அதை விடாமல் வைத்திருந்ததற்கு அதுவே காரணம். அந்த நான்கு இரவுகளுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு மேடையில் அதே வகை நிரலை, அதே வகைக் கார்டோடு, விண்டோஸ் எக்ஸ்பியில் அமைக்க வேண்டி வந்தது. கார்டின் மேம்பட்ட அமைப்புப் பக்கத்தில் எண்ணைக் காம் 1 என்று மாற்றினேன். நிரல் உடனே எடையைக் காட்டியது. முகவரியை நகர்த்தவில்லை, வேறெதையும் தொடவில்லை. எக்ஸ்பி போன்ற, விண்டோஸ் என்டி வழிவந்த இயங்குதளங்கள் டாஸ் நிரலை வன்பொருளைத் தொடவிடுவதில்லை. அது 3எஃப்8-ஐத் தேடிப் போகும்போது வழியிலேயே நிறுத்தி, சீரியல் சிப்பைப் போலத் தாமே பதில் சொல்லி, தாம் காம் 1 என்று அறிந்திருக்கும் போர்ட்டுக்கு அந்தக் கோரிக்கையை அனுப்பிவிடுகின்றன. முகவரியைப் பெயராக மொழிபெயர்க்கும் ஓர் ஆள் நடுவில் இருக்கிறார். நிரலுக்கு நெருக்கமானது என்று நான் நம்பிய விண்டோஸ் 98-இல் எனக்கு அப்படி ஓர் ஆள் கிடைக்கவில்லை. ஐஎஸ்ஏ கார்டு இருந்த காலத்தில் அந்த நெருக்கம் வசதியாக இருந்தது. கார்டு வேறு முகவரிக்குக் குடிபோனதும் அதுவே தடையாயிற்று. 64 பிட் விண்டோஸில் டாஸ் நிரல்களுக்கான அந்த ஏற்பாடே இல்லை என்பதால் இந்த வழியும் எக்ஸ்பி போன்ற 32 பிட் பதிப்புகளோடு முடிந்துவிடுகிறது.

பழைய லினக்ஸைப் பற்றியும் இங்கே ஒரு சொல் சொல்லவேண்டும். 2.2 கெர்னல் காலத்தில், பல பிசிஐ சீரியல் கார்டுகளைச் செட்சீரியல் என்ற கட்டளையால் நாமே அறிமுகம் செய்து வைப்போம். இந்தப் பெயருக்கு இந்த முகவரி, இந்தத் தடம் என்று தட்ட வேண்டும். அன்று அதைத் தொல்லை என்று நினைத்தேன். பெயரும் முகவரியும் ஒரே வரியில் அருகருகே நிற்கும் அந்தக் கட்டளையை அன்றாடம் தட்டிப் பழகியிருந்தால், இரண்டாம் இரவு எனக்குத் தேவைப்பட்டிருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

கார்டுப் பெட்டியில் அச்சாகும் வரி இயங்குதளத்தைப் பற்றியது மட்டுமே. வாங்குபவருக்குத் தேவையானது வேறு. உங்கள் நிரல் போர்ட்டை இயங்குதளத்திடம் பெயர் சொல்லிக் கேட்கிறதா, பயாஸின் பட்டியலைப் பார்க்கிறதா, நேராக முகவரிக்கே போகிறதா என்று கேட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கார்டு என்ன செய்யும் என்று ஒரு வரி எழுதினால் போதும். அப்படி எழுதிய பெட்டி எதையும் நான் பார்த்ததில்லை. அதனால் இப்போது யாராவது பழைய கணினிக்குக் கார்டு வேண்டும் என்று என்னிடம் வந்தால், எந்த விண்டோஸ் என்று கேட்பதற்கு முன் எந்த நிரல் என்று கேட்கிறேன்.

ஆத்தூர்க் கணினியின் பெட்டிக்குள் ஒரு காகிதம் ஒட்டி வைத்தேன். என் சிறு நிரலில் ஸ்லாட்டின் எண் பதிக்கப்பட்டிருப்பதால், இந்தக் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி, அடியில் பழைய முகவரி, புதிய முகவரி, பயாஸில் மாற்றிய இரண்டு தேர்வுகள் ஆகியவற்றைக் குறித்திருந்தேன். ஓராண்டுக்குப் பின் ஒரு காலையில் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். தூசி தட்டிய பையன் கார்டைக் கழற்றித் துடைத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகிவிட்டானாம். திரை முழுக்கச் சின்னச் சின்ன வீடாக வருகிறதாம். பெட்டியைத் திறந்து காகிதத்தைப் படிக்கச் சொன்னேன். அவர் முதல் வரியைப் படித்ததும், "சரி தம்பி, வெச்சுடறேன்" என்றார்.